தலைவி தன் வாயால் சொல்லணும்

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



2019-ல் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் நம்ம குழுக்களிலிருந்து போய் ஊராட்சித் தலைவியானவங்க சிலர் இங்கே இருக்கீங்க. அடுத்து நிற்கணும்னு நினைக்கிறவங்களும் இருக்கீங்க. ஜெயிச்ச பிறகு ஊர் ஜனங்ககிட்ட எப்படிப் பேசுறது? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போறோம்.

நாங்கள் நேரில் பார்த்த ஒரு கிராம சபைக் கூட்டம். தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஆறு மாசமா குழாயில தண்ணி வரலையே" என்று காலனித் தெருப் பெண்கள் கேட்டார்கள். எழுந்து பதில் சொன்னது அவர் வீட்டுக்காரர். "வந்துரும், வந்துரும்" என்றார். வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. (வீட்டுக்காரர் உதவட்டும், வேண்டாம்னு சொல்லலை. வண்டி ஓட்டட்டும். மைக்கை மட்டும் பிடிக்க வேண்டாம்!)

அந்தத் தலைவியிடம் உட்கார்ந்து பேசினோம். "கேட்டா பதில் தெரியாதுங்க. அதான் பயம்" என்றார். மறுநாள் ஊராட்சிச் செயலரை உட்கார வைத்து, கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போச்சு. புதுசா போட அந்த வருஷம் நிதி இல்லை. விஷயம் இவ்வளவுதான். இதை ஆறு மாசமா யாரும் சொல்லலை!

அன்று சாயங்காலமே காலனிக் குழாயடிக்குப் போனார். "இந்த வருஷம் புது போர் போட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மேலத்தெரு டேங்கிலிருந்து திருப்பி விடச் சொல்றேன்" என்று தன் வாயால் சொன்னார். திட்டு விழுந்தது. நல்லாவே விழுந்தது. ஆனால் அடுத்த கிராம சபைக்கு அந்தப் பெண்கள் வந்தார்கள்.

கூட்ட அறிவிப்பு பற்றியும் சொல்லணும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? தண்டோராவை நிறுத்தச் சொல்லி 2022-ல் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். பறை அடிச்சவரை ஊர் மதிச்ச லட்சணத்துக்கு அது சரிதான். ஆனால் மைக் வண்டி வரும்போது நாம் களையெடுக்கப் போயிருப்போம். வாட்ஸ்அப்பில் போட்டால், போன் மகன் கையில். அதனால் அந்தத் தலைவி, கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒவ்வொரு குழுவின் வாரக் கூட்டத்துக்கும் வந்து பத்து நிமிஷம் பேசினார்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். குழு நோட்டில் எழுதி வையுங்க. தீர்மானப் புத்தகத்தை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீங்க. எழுதினதைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அந்த ஊரில் இப்போது அதை வாசிப்பது, காலனிக் குழுவின் ஊக்குநர்.