தொட்டி பெரிசுதான், குழாய் எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி இருந்தா கேம் நல்லா ஓடும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது என்ன வகை மெமரி?

ஒருநாள் ஓசூரிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு லேப்டாப். இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் சிப், ஒரே 2 ஜிபி. என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கார் ரேஸை ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றில் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. மற்றதில் ஒவ்வொரு திருப்பத்திலும் படம் திக்கித் திக்கி நிற்கிறது. "வைரஸா அண்ணா? ரொம்ப லேக் ஆகுது" என்றான் அந்தத் தம்பி. முகம் வாடியிருந்தது. இரண்டையும் கழற்றினேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், கேளுங்கள். அடிமூடியை எடுத்துவிட்டு, விசிறியோடு சேர்ந்த செம்புக்குழாயைத் தூக்கினால், காய்ந்துபோன பேஸ்ட்டுக்கு அடியில் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஒரு சதுரம் தெரியும். அதுதான் கிராபிக்ஸ் சிப். அதை ஒட்டிக் கறுப்புப் பில்லைகள் சில உட்கார்ந்திருக்கும். அவைதான் மெமரி. துடைத்துவிட்டு, சாய்வாக டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தால் பொடி எழுத்துகள் எழும்பி வரும். சாம்சங் பில்லையாக இருந்தால் முதல் மூன்று எழுத்தே போதும். 'கே4டபிள்யூ' என்றால் டிடிஆர்3. 'கே4ஜி' என்றால் ஜிடிடிஆர்5. திக்கிய லேப்டாப்பில் முதல் வகை, வழுக்கி ஓடியதில் இரண்டாவது. தம்பியிடம் லென்ஸைக் கொடுத்து அவனையே படிக்கச் சொன்னேன்.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 2000 லிட்டர் தொட்டிதான், ஆனால் இறங்கும் குழாய் மெல்லிசு. தண்ணீர் நிறைய இருந்தும் வாளி நிறைய மாட்டேன் என்கிறது. ஜிபி என்பது தொட்டி. மெமரியின் வகை குழாயைத் தீர்மானிக்கிறது. ஃபுல் எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படம் வேண்டும். நிழல், வெளிச்சம், சுவர், புல் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் புள்ளிகளை மெமரியில் திரும்பத் திரும்ப எடுத்தும் வைத்தும் ஆக வேண்டும். குழாய் மெல்லிசாக இருந்தால் சிப் வேலையில்லாமல் காத்துக்கிடக்கும்.

உதாரணத்துக்கு, 2016இல் வந்த என்விடியா ஜீஃபோர்ஸ் 940எம்எக்ஸ் இந்த இரண்டு வகை மெமரியோடும் விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் சிப்பையும் மெமரியையும் இணைக்கும் பாதையின் அகலம் 64 பிட்தான். டிடிஆர்3 வகையில் நொடிக்கு அதிகபட்சம் சுமார் 16 ஜிபி போய்வரும். ஜிடிடிஆர்5 வகையில் சுமார் 40. பெயர் மட்டும் ஒன்றுதான்.

மெமரிப் பில்லைகளைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள், மாற்றித்தர வழியில்லை. அதனால் தம்பியின் கேமின் ரெசல்யூஷனை ஃபுல் எச்டியிலிருந்து 720பிக்கு இறக்கினோம். புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. படம் கொஞ்சம் மங்கியது, திக்கல் நன்றாகக் குறைந்தது. முகத்தில் தெளிவோடு கிளம்பினான்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். உங்களுக்கு ரேம்தான் கிராபிக்ஸ் மெமரி. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி. காலி ஸ்லாட்டில் அதேபோல் இன்னொன்றைப் போட்டால் 51.2. குழாய் இரண்டாகிவிடுகிறது. குறைந்த செலவில் நான் கண்ட நல்ல மருந்து இது.

முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப்போகிற பெற்றோரே, ஜிபியோடு மெமரி வகையையும், எத்தனை பிட் என்பதையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியவர்கள் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் 'மெமரி டைப்' என்ற வரியைப் பாருங்கள், தெரிந்துவிடும். இனி கடைக்கு வருகிற பிள்ளை "எத்தனை ஜிபி?" என்பதோடு நிற்காமல், "எந்த வகை அண்ணா?" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறேன்.