ஊர் கூடினால் தேனீ கூடும்!



“நம் மண்ணின் செடிகொடிகளையும், தேனீ, வண்டு, பட்டாம்பூச்சிகளையும் காக்கப்போவது அரசாங்கமா, ஊர் மக்களா?” எனக்கு முன்னால பேசின எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “சட்டம் வேணும், துறை வேணும், அதிகாரி வேணும்”னார். ஐயா, பூசணிப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோக எந்த அதிகாரி வருவார்? (சிரிப்பு)

கொல்லையிலே பூசணிக்கொடி போட்ட தாய்மார்களுக்குத் தெரியும். அதிலே ஆண் பூ தனி, பெண் பூ தனி. இதிலிருக்கிற மகரந்தத்தை அதிலே சேர்க்க ஒரு தேனீ வரணும். வரலைன்னா பிஞ்சு வெம்பி விழுந்துடும். நாம என்ன பண்றோம்? “கண்ணு வச்சுட்டா”ன்னு எதிர்வீட்டு அம்மாகிட்ட சண்டைக்குப் போறோம்! (சிரிப்பு)

முருங்கைப் பூவைப் பாருங்க. அதுக்குத் தரகர் யாரு? ஊங்காரம் போட்டுக்கிட்டு வருமே, அந்தப் பெரிய கருவண்டு. அது எங்கே குடியிருக்கும்? பட்ட மரத்திலே துளை போட்டுக் குடியிருக்கும். பட்ட மரம் அசிங்கமா இருக்குன்னு வெட்டிட்டோம்னா, சாம்பாருக்கு முருங்கைக்காய் எங்கேருந்து வரும்? மாம்பூவுக்கு ஈக்கள்தான் பெரிய துணை. ஈயைக் கண்டாலே முகம் சுளிக்கிற நாம, மாம்பழத்தை மட்டும் முழங்கை வழிய வழியத் தின்கிறோம்!

2019-ஆம் ஆண்டு ‘தமிழ் மறவன்’ என்கிற வண்ணத்துப்பூச்சியை நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அரசு அறிவித்தது. நல்ல காரியம், கைதட்டுவோம். ஆனால் நடுவர் அவர்களே, பட்டாம்பூச்சி அரசாணையிலே முட்டை போடாது! வெந்தய வரியன் எருக்க இலையிலே முட்டை போடும். கறிவேப்பிலை அழகி கறிவேப்பிலையிலே போடும். வேலியிலே இருந்த எருக்கையும் ஆவாரையையும் பிடுங்கிட்டு, காம்பவுண்டுச் சுவர் கட்டி, வெளிநாட்டுச் செடியைத் தொட்டியிலே வைக்கிறோம். அப்புறம், “இப்பல்லாம் பட்டாம்பூச்சியே காணோமே”ன்னு பிள்ளைங்ககிட்ட சொல்றோம்.

“பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிப்பது அரசுதானே?” என்று எதிரணியிலே கேட்டார்கள். அங்கேயே வர்றேன். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு. மொத்தம் 4.97 ஹெக்டேர், ஏறக்குறைய 12 ஏக்கர்தான். சுற்றிலும் மாந்தோப்பு. 2025-இலே அரசு அதைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்கு முன்னாலே அந்தக் காட்டை யார் வச்சிருந்தா? ஊர் வச்சிருந்தது! கோயில்காட்டிலே சுள்ளி ஒடிச்சா சாமி குத்தம்னு நம்ம தாத்தா பாட்டி சொன்னாங்களே, அதை மூடநம்பிக்கைன்னு சிரிச்சோம். அந்தப் பயம் காத்த காடுகள்தான் இன்னைக்குத் தோப்புக்குப் பூச்சி அனுப்புது.

இன்னொன்று. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. 2022-இலேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அறிவிப்பு இருந்தும் என்ன ஆச்சு? 2024-இலே அந்த இடத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் எழுந்தது. பக்கத்து ஊர்கள் எழுந்தன. சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரியிலே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காகிதத்திலே இருந்த பாதுகாப்புக்கு உயிர் கொடுத்தது யார்? மக்கள்! (கைதட்டல்)

அரசாங்கம் வேண்டாம்னு நான் சொல்லலை. சட்டம் வேலி மாதிரி. ஆனா வேலி மட்டும் இருந்தா பயிர் விளைஞ்சிடுமா? தெருவுக்கு ஒரு புங்கமரம், வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலை, வரப்போரம் நாலு ஆவாரை. பூ பூத்திருக்கிறப்போ மருந்தடிக்காம இருக்கிற பொறுமை. அடிச்சே ஆகணும்னா, தேனீ கூடு திரும்பின பிறகு சாயங்காலம் அடிக்கிற கருணை. இதுக்கெல்லாம் எந்த மனுவும் போட வேண்டாம். ஒரு வீடு செய்தால் அது தோட்டம். ஊரே செய்தால் அது தேனீக்குப் பாதை.

ஆகவே, காக்கப்போவது ஊர் மக்களே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.