மண்ணெய் வேந்தரும் மக்களாட்சியும்



வணிகரைத் தம் போக்கில் விட்டால் போட்டியே விலையைக் காக்கும் என்பர் சிலர். அமெரிக்க மண்ணெய் வணிகத்தைப் பாருங்கள். இராக்கபெல்லரின் 'இசுடாண்டர்டு ஆயில்' நிறுவனம் தொடர்வண்டிக் குழுமங்களிடம் மறைவாகக் கட்டணக் கழிவு பெற்றது; முழுக் கட்டணம் செலுத்திய சிறு ஆலையர் நொடித்தனர். போட்டியைப் போட்டியே விழுங்கிற்று!

1890-இல் முற்றுரிமைத் தடைச்சட்டம் வந்தது; வந்தும் இந்நிறுவனத்தின் முன் நெடுங்காலம் உறங்கிற்று. மண்ணெய்த் தொழிலில் தாக்குண்ட ஒருவரின் மகளார் ஐடா தார்பெல், 1902 முதல் இதழொன்றில் ஆவணங்களோடு எழுதி, அம்மறைவை வெளிப்படுத்தினார். 1906-இல் நடுவணரசு வழக்கிட்டது; 1911-இல் தலைமை வழக்குமன்றம் நிறுவனத்தை 34 கூறாகப் பிளந்தது.

வணிகம் அழிந்ததா? இல்லை. பங்கு விலை ஏறி, இராக்கபெல்லர் முன்னினும் பெருஞ்செல்வரானார்! ஒழுங்குமுறை வணிகத்தைக் கொல்லும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணுக. ஆனால், முன்னமே ஆலையை மூடிய எளியவர்க்கு அத் தீர்ப்பில் ஒன்றுமில்லை.