பெயிண்டுக்கு அடியில்

தோவாளைப் பக்கம் எங்க சித்தப்பா கும்பப்பூ நெல் அறுப்புக்காக டிராக்டர் டிரெய்லர் ஒண்ணு வாங்கினார். "புத்தம் புதுசு அண்ணாச்சி"ன்னார் கடைக்காரர். முதல் நடை நெல் ஏத்தினதும் அடித்தகடு நெளிஞ்சுட்டு. பெயிண்டைச் சுரண்டினா பழைய வெல்டிங். அதுக்கும் அடியில துரு! கேக்கப்போனா, "மொதலாளி வரட்டும்." மூணு மாசமா மொதலாளி வரலை. அங்கே குடிச்ச டீக்குத்தான் கணக்கில்லை.

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. பில்லில் இருக்கிற சேசிஸ் எண்ணும் வண்டியில அடிச்ச எண்ணும் ஒண்ணான்னு முதல்லயே பாருங்க. ஏமாந்தாச்சுன்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம். நாகர்கோவில்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2 வருஷத்துக்குள்ள மனு கொடுக்கணும். வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்கு வாங்கினா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயியும் நுகர்வோர்தான்.

சித்தப்பா பில்லைத் தேடினார். வித்துநெல் மூட்டைக்கு அடியில கிடந்தது. ஓரத்தை மட்டும் எலி தின்னிருந்தது.