மூக்கு ஒவ்வாமையும் ஸ்டீரொயிட் பயமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மருத்துவத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காலைப் பிரார்த்தனையில் அடுக்கடுக்காகத் தும்மும் தோழி ஒருத்தி எங்கள் வகுப்பிலும் இருந்தாள். குளிசை போட்டால் முதலாம் பாடத்திலேயே தூங்கி வழிவாள். போடாவிட்டால் லேஞ்சியும் கையுமாக இருப்பாள். சோம்பேறி என்று நாமும் சிரித்தோம். அது ஒரு நோய் என்று அன்று எமக்குத் தெரியாது. இன்று அதே தும்மலோடு எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணி, பூஞ்சணம், பூந்தாது போன்றவற்றைச் சிலரது உடல் பகையாகக் கருதுகிறது. உடனே வெளிப்படும் ஹிஸ்டமின், தும்மலையும் மூக்குக் கடியையும் நீரொழுக்கையும் தருகிறது. சில மணி நேரத்தில் அழற்சிக் கலங்கள் வந்து குவிய, உட்சவ்வு வீங்கி மூக்கு அடைக்கிறது. ஹிஸ்டமினைத் தடுக்கும் குளிசை தும்மலுக்கு நன்று. பழைய குளோர்பெனிரமின் தூக்கம் தரும். லொரற்றடீன் போன்றவை அவ்வளவு தருவதில்லை. ஆனால் அடைப்புக்கு, அழற்சியையே தணிக்கும் ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரேதான் வலுவான மருந்து. 1970களிலிருந்து இது வழக்கில் உள்ளது.

ஸ்டீரொயிட் என்றதும் தாய்மார் பயப்படுகிறார்கள். மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீரொயிட் குளிசை எலும்பைப் பலவீனப்படுத்தும், இரத்தத்தில் சீனியைக் கூட்டும் என்பது உண்மையே. ஸ்பிரேயின் அளவோ மைக்ரோகிராம் கணக்கு. புளூற்றிகசோன், மொமெற்றசோன் போன்றவை இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பிள்ளைகளுக்குப் போதுமான மிகக் குறைந்த அளவையே கொடுத்து, உயரத்தையும் அவ்வப்போது அளந்து பார்ப்போம்.

இரண்டு நாள் அடித்துவிட்டு, "சுகமில்லை" என்று எறிந்துவிடாதீர்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் செல்லலாம். நாள்தோறும் பாவிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாக அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் கசியக்கூடும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு இன்னும் கூடும்.

மூக்கும் சுவாசப்பையும் ஒரே பாதையின் இரு முனைகள். மூக்கு ஒவ்வாமை உள்ள பலருக்கு முட்டும் இருக்கிறது. மூக்கைக் கவனியாவிட்டால் முட்டும் அடங்காது. இரவில் வாயால் மூச்செடுத்து, பகலில் வகுப்பில் தூங்கும் பிள்ளையைக் கண்டால் ஏச வேண்டாம். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அன்று எங்கள் தோழிக்கு நாம் செய்யத் தவறியதை இன்றைய பிள்ளைகளுக்காவது செய்வோம்.