பல்லுக்குக் காப்பீடு: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"இன்சூரன்ஸ் அட்டை இருக்கிறதே, பல் செலவு அதில் வராதா?" என்று பலரும் கேட்கிறீர்கள். பெரும்பாலும் வராது. ஏன் வராது, பல்லுக்கென்று தனியாகப் பணம் கட்டினால் நமக்கு லாபமா என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு உரியது. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, கேப், பல் செட் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து முடித்துக்கொண்டு வீடு திரும்பும் வைத்தியம். 2020-ல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் ஒரே விதிகளில் விற்கின்றன. நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை அதில் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்ய வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தால் பணம் கிடைக்கும். கடைவாய்ப் பல் சொத்தைக்குக் கிடைக்காது.

ஆயுஷ்மான் பாரத் அட்டையிலும் புறநோயாளி வைத்தியம் சேராது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் இத்திட்டம், 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் கிடைக்கிறது. வாப்பாவுக்குப் பல் செட் கட்ட அது உதவாது. வாய்ப் புற்றுநோய் போன்ற பெரிய சோதனை வந்தால் உதவும். எனவே அட்டையை எடுத்து வையுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குப் புறநோயாளி வைத்தியமும் உண்டு. பல் வைத்தியத்துக்கு எங்கே போக வேண்டும் என்று உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள்.

பல் பாலிசி என்று சொல்லி விற்பது பெரும்பாலும் மருத்துவ பாலிசியோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் புறநோயாளிப் பிரிவுதான். கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள்?
2. எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? இப்போதே உள்ள சொத்தைக்கு உண்டா?
3. வேர் சிகிச்சை, கேப், பல் செட், பல் கம்பி: எது உண்டு, எது இல்லை?
4. காரைக்காலில் எந்த பல் டாக்டரிடம் செல்லும்? நிரவியிலோ அம்பகரத்தூரிலோ இருப்பவர் ஒரு பல்லுக்காகப் புதுச்சேரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் போனால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போய்விடும்.
5. நாமே பணம் கொடுத்துவிட்டுப் பில் அனுப்பலாமா? அதில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும்?

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். கூடுதல் பிரிவுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டுகிறீர்கள். உச்சவரம்பு 5,000 ரூபாய். பல்லுக்கு ஒன்றும் வராத இரண்டு ஆண்டுகளில் 6,000 போய்விட்டது. மூன்றாம் ஆண்டில் 8,000 ரூபாய்க்கு வேலை வந்தால் 5,000 கிடைக்கும். மூன்று ஆண்டுகளில் கட்டியது 9,000, வந்தது 5,000. அதே பணத்தை மாதம் 250 ரூபாயாகச் சேர்த்திருந்தால் முழுச் செலவும் அதிலேயே முடிந்து, மிச்சமும் இருக்கும். ஆண்டுதோறும் பல் வேலை இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மாறலாம். ஆனால் பல்லுக்குக் கட்டுவதற்காக முக்கிய மருத்துவக் காப்பீட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

சபரில் உள்ள பிள்ளைகளிடமும் கேளுங்கள்: கம்பெனி காப்பீட்டில் பல் உண்டா, ஊரில் உள்ள குடும்பத்துக்கும் சேருமா? பிரான்சில் இருப்பவர்கள் துணைக் காப்பீடு வைத்திருந்தால், 2021 முதல் குறிப்பிட்ட வகைக் கேப், பல் செட்டைக் கைக்காசு இல்லாமல் அங்கே பெறலாம். லீவுக்கு வந்து இங்கே செலவு செய்யுமுன் அதை விசாரிக்கட்டும்.

பாலிசி வாங்கிய பிறகு விதிகள் பிடிக்கவில்லையா? பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நியாயமான பணத்தைக் கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காரைக்கால் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்று கேட்பவர்கள் ஆலிம்களிடம் விளக்கம் பெறுங்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கையில் பணமில்லாதவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பெரிய வேலைக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் ஈறில் இரத்தம் வந்தால் தாமதிக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த சுன்னத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். செலவு அதிலேயே குறையும், இன்ஷா அல்லாஹ். பாலிசித் தாள் புரியாதவர்கள் கையெழுத்துப் போடுமுன் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.