பொத்தான் வைத்த வானொலி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய வால்வு ரேடியோவின் உட்பகுதியைக் களைந்தெறிந்துவிட்டு, மரப்பெட்டிக்குள் புதுக்கருவி ஒன்றைப் புகுத்தும் வழக்கம் இப்பொழுது பரவியிருக்கிறது. நிலையத்துக்கு ஒரு பொத்தானாக அமைந்த அருமையான பெட்டிகளும் இதற்குத் தப்பவில்லை. பொத்தானை அழுத்தினால் இரைச்சலே வருகிறது என்பது காரணமாம். பல வேளைகளில் அது பழுதன்று. பொத்தானுக்கு ஊர் மாறிவிட்டது, அவ்வளவே.

1937 முதல் 1939 வரை இவ்வகைப் பெட்டிகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருகின. பில்கோ, ஜெனித், ஆர்.சி.ஏ. கம்பெனிகள் இவற்றைச் செய்தன. பிற்காலப் பெட்டிகளில் காணும் பியானோக் கட்டைகள் வேறு. அவை மத்திய அலை, சிற்றலை என்று மாற்றுவதற்கே உரியவை.

சிலவற்றில் பொத்தான் நெம்புகோலாக நின்று முள்ளையே நகர்த்தும். சிலவற்றில் மோட்டார் சுழற்றும். நான் விரித்துரைப்பது மூன்றாவது வகை. இதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு திருகுகள் உண்டு: ஒன்று ஆஸிலேட்டருக்கு, மற்றொன்று ஏரியல் பகுதிக்கு. நிலையத்தின் அதிர்வெண்ணுக்கு மேல் 455 கிலோஹெர்ட்ஸ் உயர்வாக ஆஸிலேட்டர் அதிரவேண்டும் என்பது பல பெட்டிகளின் கணக்கு. தில்லிக்கு ஒதுக்கிய 819-ஐக் கேட்க அது 1274-இல் அதிரவேண்டும். ஆகவே நிலையத்தைப் பொறுக்கி எடுப்பது இத்திருகே. ஏரியல் திருகு வலுவூட்டுவது மட்டுமே. ஏரியல் திருகிலிருந்து தொடங்குபவர் பொழுதெல்லாம் திருகினாலும் பயன் காணார்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கப் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகலாகாது. அதற்குரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். பழைய கண்டென்ஸர்களை மாற்றாமல் மின்சாரம் கொடுப்பதும் ஆபத்து. உள்ளே உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் இருப்பதால், பழக்கமில்லாதவர் பின்பலகையைக் கழற்றாதிருப்பதே நலம்.

பெட்டி இருபது நிமிடம் சூடேறட்டும். சூட்டில் சுருளும் கண்டென்ஸரும் சிறிது மாறுவதால், குளிர்ந்த பெட்டியில் வைத்த நிலையம் பிறகு நழுவிப்போகும். முதலில் கைத்திருப்பியால் நிலையத்தைப் பிடித்து, அங்கே என்ன ஒலிக்கிறது என்று செவியில் கொள்ளுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி, அதே ஒலி வரும்வரை ஆஸிலேட்டர் திருகை மெல்லத் திருப்புங்கள். இரும்புத் திருப்புளி அருகில் வந்தாலே அளவு கலையும், பிளாஸ்டிக்காலானதே தகும். அடுத்து ஏரியல் திருகு. பெட்டி தானாகவே ஒலியைச் சமன்செய்வதால் செவி ஏமாறும். மாயக்கண் இருந்தால் அதன் நிழல் மிகக் குறுகும் இடத்தில் நிறுத்துங்கள். இல்லையேல் ஏரியலைக் குறைத்து, ஒலியை மெலிவாக்கிக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எல்லை உண்டு. மேல் எல்லைப் பொத்தானில் 720-ஐத் தேடிப் பயனில்லை.

பழைய பெயர்ச்சீட்டை நம்பவேண்டாம். 1975-இல் ஜெனீவாவில் வகுத்த திட்டம் 1978 நவம்பர் 23-இல் நடைமுறைக்கு வந்தபோது, நம் பகுதி உலகில் நிலையங்களின் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ் ஆயிற்று. பல நிலையங்கள் இடம் பெயர்ந்தன. அண்மைக் காலத்தில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவும் மூடப்பட்டுவிட்டன. எனவே, இப்பொழுது எது ஒலிக்கிறது என்று கைத்திருப்பியால் தேடியறிந்த பின்னரே பொத்தானைத் தொடுங்கள்.

சென்னையை ஒரு பொத்தானில் வைக்க இயலுமா என்று நம் காலனிப் பெரியவர்கள் கேட்கலாம். அவ்வளவு தொலைவிலிருந்து மத்திய அலை பகலில் எட்டாது. இரவில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி எட்டக்கூடும். அதுவும் அலைகடல்போல் ஏறி இறங்கும். அதற்கு ஒரு பொத்தானைச் செலவிடுவது அவரவர் ஆசையைப் பொறுத்தது. நான் தடுக்கமாட்டேன்.

பகலில் தமிழ் கேட்க வேறு வழி உண்டு. அக்காலப் பெட்டிகள் சிலவற்றில் இசைத்தட்டுக்கென, ஏன், தொலைக்காட்சிக்கெனக்கூட ஒரு பொத்தானும் பின்புறம் ஒரு துளையும் வைத்திருந்தார்கள். மின்தொடர்பு பிரிக்கப்பட்ட டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டியானால், மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கைப்பேசியின் ஒலியை அத்துளை வழியே செலுத்தலாம். பெட்டியில் ஒரு கம்பியையும் அறுக்க வேண்டியதில்லை.